புழுவைக் கண்டறிந்த கதையும் நமது பள்ளத்தாக்கும்

இந்த விழா மலருக்கு நமது பகுதியின் மக்கள் நல வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். கோவில் எழும்பிய வரலாறு, பள்ளிக்கூடம் கூரையிலிருந்து ஓட்டுக்கு மாறிய வரலாறு, கிளைக் கிராமங்களின் வரலாறு ஆகியவற்றை எழுத வேறு கைகள் இருக்கின்றன. ஆகவே நாங்கள் வயிற்றுப் பூச்சியைப் பற்றி எழுதுவதாகச் சொன்னோம். குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார். "விழா மலரில் மலத்தைப் பற்றியா எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டார். ஆம், அதைப் பற்றித்தான். நமது பங்கின் பழைய ஞாயிற்றுக்கிழமைகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: பூசை நடுவில் மயங்கி விழுந்து, வெளியே தூக்கிச் சென்று தண்ணீர் தெளிக்கப்பட்ட தாய்மார் எத்தனை பேர்! பட்டினிப் பூசையின் களைப்பு என்று அன்று சொன்னோம். களைப்பு மட்டுமா என்று யாரும் கேட்டதில்லை.

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். எங்களில் இருவர் பள்ளி ஆசிரியர்களாயிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் பல ஆண்டுகள் இரத்தம், மலம், சிறுநீர் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை செய்தவர். கீழே வரும் செய்முறை விளக்கங்கள் பெரும்பாலும் அவர் சொன்னவை.

நமது வீடுகளில் பூச்சிக்கு வைத்தியம் உண்டு. பூச்சியைக் கண்டுபிடிக்கும் முறையும் உண்டு. பிள்ளை இரவில் பல்லைக் கடித்தால், மூக்கை நிமிண்டினால், வாயில் எச்சில் ஒழுகினால், "வயித்துல பூச்சி இருக்குடி" என்று அப்பத்தாமார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். வேப்பங்கொழுந்தை அரைத்து உருண்டையாக்கி விழுங்கச் செய்வார்கள், மறுநாள் விளக்கெண்ணெய். மண்புழுவைப் போல நீளமாக வெளிவரும் நாக்குப் பூச்சியை எல்லாரும் பார்த்திருக்கிறோம். வெள்ளை நூல் போன்ற கீரிப் பூச்சியையும், துண்டு துண்டாக விழும் நாடாப் புழுவையும் அறிவோம். இவை கண்ணுக்குத் தெரிகிற பூச்சிகள். ஆனால் நமது பள்ளத்தாக்கில் அதிகக் கேடு செய்தது கண்ணில் படாத ஒன்று. அது கொக்கிப் புழு. அரை அங்குலத்துக்கும் குறைவான நீளமும் நூல் பருமனும் உள்ளது. சிறுகுடலின் சுவரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி ஆண்டுக் கணக்கில் வாழும். சாதாரணமாக அது தானாக வெளியே வருவதில்லை. ஆகவே அதைப் பார்த்த அப்பத்தா எவரும் இல்லை. பல்லைக் கடிப்பதும் அதற்கு அடையாளமன்று. உடம்பு வெளுக்கும், மூச்சு இரைக்கும், கால் வீங்கும், சிலருக்கு மண்ணையும் சாம்பலையும் தின்னத் தோன்றும். அதைச் சோகை என்றும் பாண்டு என்றும் சொன்னார்கள். செய்வினை என்று சொன்னவர்களும் உண்டு.

இப்புழுவை முதலில் கண்டவர் இத்தாலி நாட்டு மருத்துவர் தூபினி. 1838-இல் மிலான் நகர மருத்துவமனையில் இறந்துபோன ஓர் ஏழைப் பெண்ணின் உடலை அறுத்துப் பார்த்தபோது குடலில் கண்டார். 1843-இல் விவரமாக எழுதி வெளியிட்டார். நோயாளி இறந்த பிறகுதான் நோயைக் கண்டறிய முடியும் என்ற நிலை அப்போது இருந்தது. நாற்பது ஆண்டுகள் கழிந்து, 1878-இல், அதே நாட்டைச் சேர்ந்த கிராஸி என்பவரும் பரோனா சகோதரர் இருவரும் உயிரோடிருப்பவரின் மலத்தை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்துக் கொக்கிப் புழுவின் முட்டையை அடையாளம் காட்டினார்கள். இந்த வரலாற்றின் முதல் திருப்பம் இதுதான் என்பது எங்கள் எண்ணம். கத்தி வேண்டாம், பிணம் வேண்டாம். சுண்டைக்காய் அளவு மலமும் ஒரு கண்ணாடிச் சில்லும் போதும்.

இந்தக் கண்டுபிடிப்பு இரண்டே ஆண்டுகளில் பயன்பட்டது. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து காட்ஹார்டு இரயில் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் வெளுத்துச் சோர்ந்து விழுந்தார்கள். சுரங்கத்துக்குள் கெட்ட காற்று என்றார்கள். 1880-இல் தூரின் நகரத்துப் பெரோன்சித்தோ முதலியோர் ஆராய்ந்து, புழுதான் காரணம் என்று காட்டினார்கள். சூடும் ஈரமும் உள்ள சுரங்கம், கழிப்பிடம் இல்லாத ஆயிரக்கணக்கான ஆட்கள், சேற்றில் நிற்கும் கால்கள். இதைப் படிக்கும்போது எங்களுக்கு வேறொரு மலையும் வேறொரு சுரங்கமும் நினைவுக்கு வந்தன. 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த பெரியாறு அணை வேலையில், தண்ணீரைக் கிழக்கே திருப்ப மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் அதிகமாகச் சுரங்கம் வெட்டினார்கள். காய்ச்சலும் காலராவும் அங்கே எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. கர்னல் பென்னிகுக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிற நாம், அந்தக் காட்டில் மாண்ட கூலியாட்களின் பெயர்களை அறியோம்.

புழு உடலுக்குள் எப்படி நுழைகிறது? வாய் வழியாகத்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜெர்மானியர் லூஸ் என்பவரின் கையில், புழுக் குஞ்சுகள் நெளிந்த தண்ணீர் தவறிச் சிந்தியது. தோல் சிவந்து அரித்தது. சில வாரங்கள் கழித்துத் தம் மலத்திலேயே முட்டைகளைக் கண்டார். தோலைத் துளைத்துக்கொண்டு புழு போகிறது என்று 1898-இல் அவர் எழுதியபோது பலர் நம்பவில்லை. ஆனால் அஸ்ஸாம் தேயிலைத் தோட்ட மருத்துவர் பென்ட்லி, மழைக்காலத்தில் கூலியாட்களின் பாதங்களில் வருகிற அரிப்புப் புண் இந்தப் புழுக் குஞ்சுகளால் வருவது என்று 1902-இல் எழுதினார். நம்மூரில் சேற்றுப்புண் என்கிறோமே, அது எல்லாமே புழுவின் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் ஈரத்தில் விரலிடுக்கு வெந்துபோவதுதான். ஆனாலும் வெறுங்காலோடு ஈர மண்ணில் வேலை செய்கிறவருக்கு அந்த வழியாகவும் ஒரு கடன்காரன் உள்ளே போகலாம் என்பது அன்று உறுதியாயிற்று.

தமிழ் மக்களைப் பொறுத்தவரை, இந்தப் புழுவின் வரலாறும் வயிற்றுப் பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்கள் மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டார்கள். அங்கே அம்மை குத்துவதோடு கொக்கிப் புழு மருந்தும் கொடுத்த பிறகே கப்பலேற்றினார்கள். இலங்கையில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனம் 1916-இல் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியிருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அந்நிறுவனம் டாக்டர் டார்லிங் தலைமையில் ஒரு குழுவை மலேயா, ஜாவா, பிஜித் தீவுகளுக்கு அனுப்பியது. மலேயா ரப்பர்த் தோட்டங்களில் தமிழரையும் சீனரையும் ஜாவானியரையும் அவர்கள் ஆராய்ந்த முறை சற்று அருவருப்பானது, ஆனால் நேர்மையானது. மருந்து கொடுத்து, அடுத்த சில நாட்கள் கழிகிற மலம் முழுவதையும் கழுவிச் சலித்து, வெளிவந்த புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். புழு இருக்கிறதா இல்லையா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. எத்தனை புழு என்று கேட்டார்கள். பத்துப் புழு உள்ளவனும் ஐந்நூறு புழு உள்ளவனும் ஒரே வகை நோயாளிகள் அல்லர் என்பது இப்படித்தான் தெளிவாயிற்று.

கணக்கைப் பாருங்கள். தென்னிந்தியாவில் அதிகமாகக் காணப்படும் வகை ஒரு நாளைக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்தம் குடிக்கும். ஒரு துளிக்கும் குறைவு. மற்றொரு வகை இதைப்போல ஐந்து மடங்கு குடிக்கும். பத்துப் புழு இருந்தால் உடம்பு ஈடுகொடுத்துவிடும். முந்நூறு புழு இருந்தால் நாளொன்றுக்கு 9 மில்லிலிட்டர், மாதத்துக்குக் கால் லிட்டருக்கும் மேல். கம்பங்கூழும் கீரையும் தின்று வயலில் நிற்கிற, ஆண்டு மாற்றி ஆண்டு பிள்ளை பெறுகிற பெண்ணுக்கு அந்த இரத்தத்தை எங்கிருந்து ஈடு செய்வது?

சென்னை மாகாணத்தில் இந்த வேலையைத் தொடங்க ராக்பெல்லர் நிறுவனத்தின் டாக்டர் கென்ட்ரிக் 1920-ஐ ஒட்டி வந்தார். மேற்கு மலைக்கு அப்பால் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், இலங்கையில் வேலை செய்திருந்த டாக்டர் ஜேக்காக்ஸ் 1928 முதல் பொதுச் சுகாதாரத் துறையை அமைக்க உதவினார். அங்கும் கொக்கிப் புழு முக்கிய வேலையாயிற்று. நம் மக்கள் ஏறிப்போன ஏலமலை அந்தச் சமஸ்தானத்தைச் சேர்ந்தது என்பதை இளையோர் நினைவில் கொள்ள வேண்டும். கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இருந்த சாண்ட்லர் என்ற அமெரிக்கர் 1920-களின் நடுவில் இந்தியா முழுவதும் எங்கெங்கு எவ்வளவு புழு என்று ஆராய்ந்து தொடர் கட்டுரைகளாக எழுதினார். ஊர் ஊராகப் பார்க்க வேண்டுமென்றால் கருவி மலிவாகவும் விரைவாகவும் இருந்தாக வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்த முறைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் அவை நமது விவசாயிகளுக்கு அந்நியமானவை அல்ல.

விதை நெல்லை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? உப்பைத் தண்ணீரில் கரைத்து, கோழிமுட்டை மிதக்கும் பதம் வந்ததும் நெல்லைக் கொட்டுகிறோம். பதரும் அரைமணியும் மேலே மிதக்கும். திரண்ட நெல் அடியில் தங்கும். வில்லிஸ் என்பவர் 1921-இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் எழுதியதும் இதே வித்தைதான். சிறு தகர டப்பாவில் கொஞ்சம் மலத்தை வைத்து, இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரை விளிம்பு வரை ஊற்றிக் கலக்கி, வாயின்மேல் ஒரு கண்ணாடிச் சில்லை மூடிவைக்க வேண்டும். மலத்தின் கனமான சக்கை கீழே இறங்கும். கொக்கிப் புழுவின் முட்டை உப்புநீரைவிட இலேசானது. மேலே வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். சில்லைத் தூக்கித் திருப்பி நுண்பெருக்கியில் வைத்தால் போதும். உப்பு, டப்பா, கண்ணாடி: செலவு சில காசுகள். இதே தத்துவத்தைச் சற்று முன்னதாக டார்ஜிலிங் தோட்டப் பகுதியில் வேலை செய்த இந்திய மருத்துவப் பணி அதிகாரி கிளேட்டன் லேன் என்பவரும் கையாண்டு, பின்னர் சுழற்றும் இயந்திரத்தோடு சேர்த்து நுட்பமாக்கினார்.

ஆனால் மிதக்கவிடும் முறை முட்டை இருப்பதைச் சொல்லுமே தவிர எவ்வளவு என்று சரியாகச் சொல்லாது. 1923-இல் ஸ்டோல் என்ற அமெரிக்கர் அதற்கு வழி கண்டார். நான்கு கிராம் மலத்தை நிறுத்து, காரச் சோடாக் கரைசலில் 60 மில்லிலிட்டர் வரை கரைத்து, அதில் 0.15 மில்லிலிட்டர் மட்டும் எடுத்து முட்டைகளை எண்ணி 100-ஆல் பெருக்கினால், ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று தெரிந்துவிடும். நமது கணக்கப்பிள்ளைகளுக்கு எளிதாகப் புரியும் கணக்கு. டார்லிங் குழுவினர் நாட்கணக்கில் சலித்து எண்ணியதை இவர் அரைமணி நேரத்தில் மதிப்பிட்டார். இந்த ஸ்டோல்தான் 1947-இல் உலகம் முழுவதற்கும் கணக்குப் போட்டு, 45 கோடிக்கும் அதிகமானோர் வயிற்றில் கொக்கிப் புழு இருப்பதாக எழுதினார்.

இனி நமது பள்ளத்தாக்குக்கு வருவோம். கூடலூரிலிருந்து தேனி வரை முல்லையாறு பாய்கிற வயல்களும், சின்னமனூர்ப் பக்கத்து வாழைத் தோட்டங்களும், மேலே கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் அப்பால் ஏலக்காடுகளும் நம் மக்களின் வேலைத்தலங்கள். கொக்கிப் புழுவின் முட்டை மண்ணில் விழுந்து ஓரிரு நாளில் பொரிக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் தோலைத் துளைக்கும் பக்குவம் அடையும். நிழலும் ஈரமும் கிடைத்தால் மூன்று நான்கு வாரம் உயிரோடிருக்கும். வெயிலில் காய்ந்த கரிசலில் அதற்கு வாழ்வில்லை. தண்ணீர் கட்டி நிற்கும் நெல்வயலும் அதற்கு அவ்வளவாக ஒத்துவராது. ஏலக்காட்டைப் பாருங்கள்: மரநிழல், இலைமக்கு, ஓயாத சாரல், இளகிய மண். வேலையாட்கள் ஒதுங்குவதும் அதே செடிகளின் மறைவில். மறுவாரம் களையெடுக்க வெறுங்காலோடு வந்து நிற்பதும் அங்கேயே. புழுவுக்காகவே ஒருவர் திட்டமிட்டு அமைத்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைத்திருக்க முடியாது. போடி ஏலச்சந்தையில் காயின் விலையைச் சொல்கிறார்கள். அந்தக் காயைப் பறித்த விரல்களின் நகம் ஏன் வெளுத்திருக்கிறது என்பது எந்த விலைப்பட்டியலிலும் வராது.

எங்களில் ஒருவருடைய தாயாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அந்த அம்மாள் 1970-களில் ஆண்டுக்கு ஆறேழு மாதம் மலையில் தோட்டத்து லயத்தில் தங்கி வேலை செய்தவர். முப்பத்தைந்து வயதில் படி ஏற முடியவில்லை. முகம் மஞ்சள் பூசியதுபோல் வெளுத்தது. ஊருக்குக் கூட்டிவந்து ஒரு மருத்துவமனையில் காட்டினார்கள். அதன் பெயர் இங்கே வேண்டாம். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்கள். இரத்தம் குறைவு என்றார்கள். டானிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் நன்றாக இருந்தது, மறுபடி வெளுத்தது. ஊசி போட்டார்கள். ஒருமுறை இரத்தமே ஏற்றினார்கள். அதற்காக இரண்டு ஆடுகளை விற்றார்கள். இப்படி நான்கு ஆண்டுகள் போயின. அந்த நான்கு ஆண்டில் அவருடைய மலத்தை ஒருவரும் ஒருமுறையும் கேட்கவில்லை. ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் சுமந்தது போலாயிற்று.

பிறகு வேறோரிடத்தில் பரிசோதனைக் கூடத்து ஊழியர் ஒருவர்தான், "அக்கா, மலைக்கு வேலைக்குப் போறவங்களா? நாளைக்குக் காலையில தீப்பெட்டியில கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்றார். அம்மாளுக்கு வெட்கம் தாங்கவில்லை. தீப்பெட்டியைத் துணியில் சுற்றி, அதை இன்னொரு பையில் போட்டு, பேருந்தில் மடியில் மறைத்து வைத்துக்கொண்டு போனாராம். ஊழியர் நுண்பெருக்கியில் வைத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்போது பத்தாம் வகுப்பு படித்த அந்த மகன் இன்றும் சொல்கிறார்: மெல்லிய ஓடு, உள்ளே நான்காய்ப் பிரிந்த கரு, திராட்சைக் கொத்தை முட்டைக்குள் அடைத்து வைத்ததுபோல, ஒன்று இரண்டல்ல, பார்த்த இடமெல்லாம். பூச்சி மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அந்த அம்மாள் தலைச்சுமையோடு நடந்தார். மொத்தச் செலவு ஓர் ஆட்டின் விலையில் பாதியும் இல்லை.

இரத்தத்தின் அளவைப் பார்க்கும் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1900-ஐ ஒட்டிப் பின்லாந்தின் டால்க்விஸ்ட் என்பவர் அச்சடித்த நிறப் பட்டியல் ஒன்று இருந்தது: ஒட்டுத்தாளில் ஒரு சொட்டு இரத்தத்தை ஊறவிட்டு, பட்டியலிலுள்ள சிவப்பு நிறங்களோடு ஒத்துப் பார்ப்பது. பின்பு சாலி என்பவரின் குழாய் வந்தது. அதில் அமிலம் விட்டுப் பழுப்பு நிறத்தை ஒப்பிட வேண்டும். இவையெல்லாம் வீட்டில் தானியம் குறைகிறது என்று சொல்லும். எலி எங்கே என்று சொல்லா. அந்த அம்மாளுக்கு நேர்ந்தது அதுதான்.

1954-இல் ஜப்பானியர் கேட்டோவும் மியூராவும், 1972-இல் பிரேசில் நாட்டுக் காட்ஸும் அவர் தோழர்களும் சேர்த்து வடித்த முறைதான் இன்றுவரை உலகெங்கும் அளவுகோலாக இருக்கிறது. இருவர் பெயரையும் சேர்த்துக் கேட்டோ காட்ஸ் முறை என்பார்கள். துளையுள்ள ஒரு சிறு தகடு. அந்தத் துளையில் அடங்குவது 41.7 மில்லிகிராம் மலம். தராசு வேண்டாம், துளைதான் படி. கிளிசரினில் ஊறிய செல்லோபேன் தாளால் மூடி அழுத்தினால் மலம் கண்ணாடிபோல் தெளியும், முட்டைகள் நிற்கும். எண்ணியதை 24-ஆல் பெருக்கு. கிராமுக்கு 2,000-க்குக் கீழே என்றால் இலேசு, 4,000-உம் அதற்கு மேலும் என்றால் கடுமை என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. இந்த முறையில் ஒரு வம்பு உண்டு. கிளிசரின் மலத்தைத் தெளிய வைப்பதுபோலவே கொக்கிப் புழுவின் மெல்லிய முட்டையையும் தெளிய வைத்து மறைத்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் நாக்குப் பூச்சி முட்டை மட்டும் இருக்கும். கொக்கிப் புழு "இல்லை" என்று ஏட்டில் ஏறிவிடும். மதியச் சோற்றுக்கு எழுந்து போனால் நோயாளி குணமாகிவிடுவார் என்று எங்கள் கூடத்து நண்பர் வேடிக்கையாகச் சொல்வார்.

1980-களில் பழவேற்காடு ஏரிப் பகுதி மீனவர் கிராமத்தில் ஆங்கிலேய ஆய்வாளர்கள், டார்லிங் செய்ததுபோலவே, மருந்து கொடுத்து வெளிவந்த புழுக்களை எண்ணினார்கள். ஊரில் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் புழு. சிலருக்கு மட்டும் மிக அதிகம். ஏறத்தாழ ஓராண்டு கழித்து மறுபடி பார்த்தால், முன்பு அதிகம் சுமந்தவர்களிடமே பெரும்பாலும் மறுபடி அதிகம் சேர்ந்திருந்தது. கொக்கிப் புழுவுக்கும் இதுவே நியாயம் என்று மேற்கு வங்கக் கிராமங்களில் நடந்த ஆய்வு 1985-இல் காட்டியது. ஆகவே சராசரி என்று ஒன்றைச் சொல்லி ஒரு ஊரை அளக்க முடியாது.

நரம்புச் சிலந்தியை மறந்துவிட்டோம் என்று முதியோர் குறைசொல்லக் கூடாது. காலில் கொப்புளம் வெடித்து முழக்கணக்கில் நூல்போல் வெளிவருமே, அதற்கு நுண்பெருக்கி தேவைப்படவில்லை. படிக்கிணற்று நீரில் உள்ள சிறு உயிரிகளால் பரவுகிற அந்த நோயை, வீடு வீடாகக் கேட்டுப்போய், கண்ணால் பார்த்து, கிணறுகளைத் திருத்தி ஒழித்தார்கள். தமிழ்நாட்டில் 1980-களிலேயே ஒழிந்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் இராஜஸ்தானில் காணப்பட்டார். 2000-இல் நாடு விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. கண்ணால் கண்டறிய முடிந்த புழு ஒழிந்தது. கண்ணுக்கு மறைந்த புழு இன்னும் இருக்கிறது.

இன்றைய முறை வேறு. ஒவ்வொருவரையும் பரிசோதிப்பதைவிட எல்லாருக்கும் மாத்திரை கொடுத்துவிடுவது மலிவு என்று கண்டு, 2015 பிப்ரவரி முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாதி. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரையான பெண்களையும், கருவுற்றோரும் பாலூட்டுவோரும் நீங்கலாக, சேர்த்திருக்கிறார்கள். ஆகவே பரிசோதனை இப்போது ஆளுக்காக அல்ல, வட்டாரத்துக்காக: மாதிரிக்குச் சில பள்ளிகளில் பார்த்து, நூற்றுக்கு 20 பேருக்கு மேல் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை, 50 பேருக்கு மேல் இருந்தால் இருமுறை என்று முடிவு செய்வது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழக்கம். முறையில் எங்களுக்குக் குறையில்லை. பள்ளிப் பிள்ளைகளிடம் நாக்குப் பூச்சி எவ்வளவு குறைந்தது என்பதை நாங்களே கண்டோம்.

எங்கள் கவலை வேறிடத்தில். நாக்குப் பூச்சி பிள்ளைகளின் நோய். கொக்கிப் புழுவோ வயது ஏற ஏற அதிகமாகும், பெரியவர்களிடம்தான் பெருகும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் சவ்வாது மலையில் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டபோது, நூற்றுக்கு 38 பேரிடம் கொக்கிப் புழு இருந்தது. நாக்குப் பூச்சி மிக அரிது. அங்கேயே மனிதர், நாய், மண் மூன்றையும் மரபணுச் சோதனையால் பார்த்தபோது, நாயின் கொக்கிப் புழு வகைகளும் சில மனிதரிடம் இருந்தன. நுண்பெருக்கியில் முட்டையைப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. மரபணுச் சோதனை, மலத்தில் கிடக்கும் புழுவின் சிறு அடையாளத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. கேட்டோ காட்ஸ் முறைக்கு எட்டாத இலேசான தொற்றையும் பிடிக்கிறது. ஆனால் அதற்கு இயந்திரமும் குளிரூட்டலும் பயின்ற கைகளும் வேண்டும்; தீப்பெட்டியோடு வருகிறவருக்கு அன்றே பதில் சொல்லாது. 2017-இல் அதே கல்லூரியினர் திமிரி வட்டாரத்திலும் சவ்வாது மலையிலும், ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளில் உள்ளோரோடு சேர்ந்து, ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு மட்டுமன்றி ஊரில் எல்லாருக்கும் ஆண்டுக்கு இருமுறை மூன்றாண்டு மாத்திரை கொடுத்தால் புழு பரவுவதே நின்றுவிடுமா என்பதுதான் கேள்வி. தீர்ப்புச் சொல்ல மரபணுச் சோதனையைத்தான் வைத்தார்கள். புழு குறையக் குறைய, பழைய கருவிக்குக் கண் மங்கிவிடுகிறது. "இல்லை" என்று அது சொல்வதை நம்பி மாத்திரையை நிறுத்தினால், மண்ணில் மிச்சமிருப்பது மறுபடி தளிர்க்கும்.

நமது மலைவேலைக்காரர்களை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? விடியுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் தேவாரத்திலும் ஜீப்புகள் நிற்கின்றன, நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறுகிறார்கள், மாலையில் இறங்குகிறார்கள். பள்ளியில் கொடுக்கும் மாத்திரை அவர்கள் வயதுக்கு இல்லை. பள்ளிப் பிள்ளைகளிடம் எடுக்கும் மாதிரி அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்கள் நிற்கும் மண் ஒரு மாநிலத்தில், உறங்கும் வீடு இன்னொரு மாநிலத்தில். இரத்தக் குறைவு என்று மருந்தகத்துக்கு வந்தால் இன்றும் முதலில் கிடைப்பது டானிக்தான். அதுவும் தேவைதான், வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை.

ஆகவே மலைக்குப் போகும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும், கூடத்தில் வேலை செய்த எங்கள் நண்பர் சொல்லச் சொன்னது இது. இரத்தம் குறைவு என்று சொன்னால், மலப் பரிசோதனையும் எழுதித் தரும்படி வெட்கப்படாமல் கேளுங்கள். அன்று காலை கழித்ததையே கொண்டுபோங்கள்; முதல்நாளையது வேண்டாம், வெயிலில் வைத்த முட்டை பொரித்துவிடும். தீப்பெட்டிக் காலம் போய்விட்டது, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா கொடுக்கிறார்கள். சிறுநீரோ மண்ணோ கலக்க வேண்டாம். ஒருநாள் "இல்லை" என்று வந்து, வெளுப்பும் போகவில்லை என்றால், இன்னும் இரண்டு நாள் கொடுத்துப் பாருங்கள். புழு எல்லா நாளும் ஒரே அளவில் முட்டையிடுவதில்லை.

அந்த அம்மாள் எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார். குணமான மறு பருவத்திலேயே மலைக்குத் திரும்பிப் போனார். வேறு பிழைப்பு இல்லை. மகன் வாங்கித் தந்த இரப்பர்ச் செருப்பு முதல் மழையில் சேற்றில் சிக்கி அறுந்தது. கங்காணி சிரித்தாராம். அந்த அம்மாள் வாரைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு அந்தப் பருவம் முடியும்வரை அதோடேயே களையெடுத்தார்.